கதர்னா என்ன? கைத்தறியும் அதுவும் ஒண்ணா?

ஒரு எம்எல்ஏ வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட வெள்ளை சட்டைல வந்தா போதும், "கதராடைல வந்தார்"னு எழுதிடறாங்க. கோஆப்டெக்ஸ்ல எடுத்த சட்டையையும் சில பேர் கதர்ங்கறாங்க. கதர்னா வெள்ளைனு அர்த்தம் கிடையாது, கலர் கதர் தாராளமா இருக்கு. கைத்தறினும் அர்த்தம் கிடையாது. துணியை கைத்தறில நெஞ்சா மட்டும் பத்தாது, அதுக்கு போற நூலையும் கையால நூத்திருக்கணும், அப்பதான் அது கதர். மில்லு நூலை வாங்கி கைத்தறில நெஞ்சா அது வெறும் கைத்தறி துணி. 1956ல வந்த காதி கிராமத் தொழில் ஆணைய சட்டமும் இதையேதான் சொல்லுது, பருத்தி, பட்டு, கம்பளி எதுவா இருந்தாலும் நூல் இந்தியாவுல கையால நூத்ததா இருக்கணும், தறியும் கைத்தறியா இருக்கணும்.

சொல் எங்கிருந்து வந்துச்சுன்னா, வடக்க "கத்தர்"னு, க-வை மூச்சு விட்டு அழுத்தி த-வை மெதுவா சொல்லுவாங்க, முரட்டு பருத்தி துணிக்கு அங்க அதான் பேரு. காதிங்கறது அதோட கூடப்பொறந்த சொல். தமிழ்ல கத்தர்னு எழுதினா நாம "பத்து"ல வர்ற மாதிரி வல்லினமா படிச்சிடுவோம், ஒத்தை த போட்டாதான் அந்த மெதுவான ஓசை வரும், அதனால கதர். யாரோ இலக்கணம் படிச்சவர் உக்காந்து யோசிச்சு பண்ண மாதிரி இருக்கு, ஆனா வாய்ல புழங்கி புழங்கி தானா வந்ததாத்தான் இருக்கும். நூல் நூக்கிற கருவிக்கு தமிழ்ல கதிர்னு ஒரு பேர் இருக்கறதால கதிர்தான் கதர் ஆச்சுன்னு ஒரு கதை ஓடுது, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சொல் காந்தி இயக்கத்தோட வடக்கேருந்து வந்ததுதான்.

சொல்தான் வெளியூர், வேலை நம்ம ஊர்ல ரொம்ப பழசு. புறநானூறு 125ஆம் பாட்டுல "பருத்திப் பெண்டின் பனுவல் அன்ன"ன்னு வருது, பருத்தி நூக்கிற பொண்ணுங்களுக்கு அப்பவே தனிப்பேர் இருந்திருக்கு.

சரி, ஒரு துணி எப்படி தலைவர்களோட யூனிஃபார்ம் ஆச்சு? மான்செஸ்டர் மில்லு துணி இங்க வந்து குவிஞ்சு ராட்டையெல்லாம் பரண்ல ஏறின காலம் அது, அந்நிய துணியை விட்டுட்டு கதர் கட்டுங்கன்னு காந்தி ஊர் ஊரா சொன்னார், ஜனங்க பதிலுக்கு கதர் வாங்க காசில்லையேன்னாங்க. அப்படின்னா துணியோட அளவை குறைச்சுக்கங்கன்னு சொல்லணும், சொல்றவர் முதல்ல குறைக்கணும் இல்லையா. 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதில தங்கியிருந்த வீட்லதான் சட்டை தொப்பியெல்லாம் விட்டுட்டு முழங்கால் வரைக்கும் ஒத்தை துணிக்கு மாறினார். முதல்ல அக்டோபர் 31 வரைக்கும்னுதான் சொன்னார், ஆனா கடைசி வரைக்கும் மாறவே இல்ல, 1931ல பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதே கோலத்துலதான் போனார். அந்த மதுரை வீட்ல பின்னாடி கதர் கடையே வந்துச்சு.

காங்கிரஸ் அதோட விடல. 1924 பெல்காம் மாநாட்டுல கட்சி மெம்பர் ஆகணும்னா நாலணா சந்தாவுக்கு பதிலா மாசம் 2000 கஜம் நூல் குடுக்கணும்னு முடிவு பண்ணாங்க! ஒரு வருஷம்கூட தாக்குப்பிடிக்கல, 1925லயே தளர்த்திட்டாங்க. ஆனா இதுல ஒரு விஷயம் கவனிங்க, வக்கீலும் ஜமீன்தாரும் கையால வேலை பாக்கணும், கூலிக்காரர் செய்யற வேலையை செய்யணும், கதர்ல இருந்த சமூக சேதி அதுதான், எளிமை அதுக்கு அப்புறம்தான். நேரு ஜெயில்ல நூத்த நூல்ல நெஞ்ச சேலையைத்தான் 1942ல இந்திரா கல்யாணத்துக்கு கட்டிக்கிட்டாங்க.

இங்க பெரியார் காங்கிரஸ்ல இருந்தப்போ கதர் மூட்டையை தோள்ல சுமந்து வித்தவர், 1925ல வெளிய வந்தார், பின்னாடி அவரோட ஆளுங்க அடையாளம் கருப்பு சட்டைனு ஆச்சு. திமுக கையில எடுத்தது கதரை இல்ல, கைத்தறியை. 1953ல நெசவாளர்கள் சரக்கு விக்காம தவிச்சப்போ அண்ணாவும் மத்தவங்களும் தெருத்தெருவா கைத்தறி துணி வித்தாங்க. அதனால நம்ம ஊர்ல கதரையும் கைத்தறியையும் குழப்பிக்கறது துணி விஷயத்துல மட்டும் இல்ல, அரசியல்லயும் தப்பு, ஒண்ணு நூக்கிறவங்க பக்கம், இன்னொண்ணு நெய்யறவங்க பக்கம். "கதர்ச்சட்டை"ன்னாலே காங்கிரஸ்காரர்னு ஆனதுக்கு காமராஜரோட அந்த தொளதொள சட்டையும் ஒரு காரணம்.

இப்ப இருக்கற ஒயிட் அண்ட் ஒயிட்ல பெரும்பாலும் மில்லு துணிதான். கதர் நூல் ஒரே சீரா இருக்காது, ஒரு இடம் தடிப்பா ஒரு இடம் மெலிசா இருக்கும், தடவி பாத்தாலே தெரியும். கண்ணாடி மாதிரி வழவழன்னு மின்னுற சட்டையை கதர்னு சொன்னா நம்பாதீங்க.

தமிழ்ல என்ன சொல்லலாம்? கைத்தறி ஆடைனு போடறது தப்பு, மேலயே சொல்லிட்டேன். கைந்நூல் துணி, கைந்நூல் ஆடைனு சொன்னா அர்த்தம் கரெக்டா உக்காரும். ஆனா என்னைக் கேட்டா கதரையே வச்சுக்கலாம், கதராடை, கதர்க்கடைனு தமிழ் சொல்லோட ஒட்டி எப்பவோ வீட்டு ஆள் ஆயிடுச்சு. எனக்கு உறுத்தறது, இருக்கற கதரை விட்டுட்டு இப்ப எல்லா போர்டுலயும் "காதி"னு எழுதறதுதான், ஒரு வடசொல் பழகி முடிச்ச இடத்துல அதோட கூடப்பொறந்ததை கொண்டு வந்து எதுக்கு?

கடைசியா, காந்தி ஜெயந்தி தள்ளுபடி அறிவிப்புல "பாலியஸ்டர் கதர்"னு ஒண்ணு வரும், சிரிச்சுடாதீங்க. பாலியஸ்டர் இழையும் பருத்தியும் கலந்து அதை கையால நூத்து கையால நெஞ்ச துணி அது. இழை ஃபேக்டரில வந்தாலும் நூல் கைந்நூல்தான்.