வடித்த கஞ்சியோடு சர்க்கரை போய்விடுமா?

பெரம்பூரில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் வாரம் தவறாமல் வரும் முறையீடு இது: "குக்கர் சாதத்தையே விட்டுவிட்டேன் மேடம், கஞ்சியை வடித்துத்தான் சாப்பிடுகிறேன். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லையே!" எவ்வளவு சோறு என்று கேட்டால் பதில் தயங்கித்தான் வரும். கஞ்சி போய்விட்ட தைரியத்தில் இன்னும் இரண்டு கரண்டி கூடியிருக்கும்.

மாவுச்சத்து முழுக்க முழுக்க குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள்தான். அவற்றில் இரண்டு வகை. அமைலோஸ் பெரும்பாலும் கிளை விடாமல், சுருளாக நீளும். அமைலோபெக்டின் ஏறத்தாழ 25 குளுக்கோஸுக்கு ஒரு கிளை விட்டு மரம்போல் படரும். நாம் உண்ணும் பெரும்பாலான அரிசி வகைகளில் இதுதான் அதிகம். கிளைத்த இந்தச் சங்கிலியைச் செரிமான நொதிகள் விரைவாக வெட்டிவிடும். அமைலோஸ் அதிகமுள்ள அரிசி சற்று மெதுவாகச் செரிக்கும். சோறும் உதிரியாக நிற்கும்.

இனி கஞ்சிக்கு வருவோம். கொதிநீரில் அரிசியின் மாவுத்துகள்கள் உப்பும்போது முதலில் கசிவது பெரும்பாலும் அமைலோஸ். ஆறிய கஞ்சியில் நீர் கலந்து ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பாருங்கள், கருநீலமாகிவிடும். அமைலோஸ் சுருளுக்குள் அயோடின் சிக்குவதால் வரும் நிறம் அது. (பிறகு அதைக் குடித்துவிடாதீர்கள்.) ஆக, நாம் சிரத்தையாக வடித்துக் கொட்டுவதில் மெதுவாகச் செரிக்கும் வகையே கணிசமாக இருக்கிறது. அதுவும் சிறு பங்குதான்; பெரும்பகுதி மாவுச்சத்து சோற்றிலேயே தங்கிவிடுகிறது.

புழுங்கல் அரிசியின் கதை வேறு. நெல்லாக இருக்கும்போதே அவிந்து காய்வதால் அதன் மாவுச்சத்து ஒருமுறை இளகி, மறுபடி இறுகுகிறது. சோறு ஆறும்போதும் இதே இறுக்கம் ஏற்பட்டு, ஒரு சிறு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் நார்ச்சத்துபோல் கடந்துபோகும். பழைய சோற்றுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. அதற்காகச் சென்னை வெயிலில் சோற்றை நாளெல்லாம் வெளியே வைக்காதீர்கள். கொதிப்பைத் தாங்கிய பாக்டீரியா வித்துகள் அந்தச் சூட்டில் பெருகி வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும்.

விரதத்துக்கு 'லேசான உணவு' என்று ஜவ்வரிசி உப்புமா சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளும் கவனிக்க வேண்டும். மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்துதான்.

சமைக்காத 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து மட்டும் முக்கால் பங்குக்கு மேல். எனவே வடிதட்டைத் தேடுமுன் அரிசியை அளந்து போடுங்கள். சோற்றைக் குறைத்துக் கூட்டையும் பொரியலையும் கூட்டுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சோற்றின் அளவைச் சட்டென்று குறைக்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.