எங்கள் பங்கரை மட்டும் ஆண்டவர் ஏன் பார்க்கவில்லை?

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் கிராமங்களில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் என்னிடம் கிறிஸ்தவக் குடும்பத்தினர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முதற் சந்திப்பில் அது வராது. மூன்றாவது, நான்காவது தடவையில், கேட்பதே பாவமாகிவிடுமோ என்ற பயத்தோடு தலையைக் குனிந்தபடி கேட்பார்கள்: "கடவுள் நீதியானவர் என்றால் எனக்கு ஏன் இப்படி, மிஸ்?" அந்தக் கேள்விக்கு அயலிலும் செபக்கூட்டத்திலும் கிடைக்கும் பதில்கள் சில, இழப்பை விடவும் ஆழமாக மனிதரை நோகடிப்பதை நான் கண்டுவருகிறேன் என்பதாலேயே இதை எழுதுகிறேன். இங்கே குறிப்பிடப்படுவோரை எவரும் இனங்காண முடியாதவாறு விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், இறுதிப் போரின்போது, இரண்டு பிள்ளைகளைப் பங்கருக்குள்ளேயே (பதுங்குகுழிக்குள்ளேயே) இழந்த தாய் ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு, நித்திரையில்லை என்று வந்தார். அவரது நித்திரை கெட்டது ஒரு செபக்கூட்டத்திலிருந்து. அங்கே ஒருவர் எழுந்து, "அத்தனை செல் (எறிகணை) விழுந்தும் ஆண்டவர் எங்கள் பங்கரைத் தொட விடேல்லை, நாங்கள் செபத்தை விடேல்லை" என்று சாட்சி சொன்னார். சொன்னவர் பொய் சொல்லவில்லை. உயிர் தப்பியவர் நன்றி சொல்வதில் தவறும் இல்லை. ஆனால் பின்வரிசையில் இருந்த இந்தத் தாயும் அதே நாட்களில் அதே செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தார். அன்றிரவு முதல் அவர் தன் பாவங்களை எண்ணத் தொடங்கினார். பெற்றோரை மீறிச் செய்த திருமணம், மடு மாதாவுக்கு வைத்து நிறைவேற்றாமல் விட்ட நேர்த்தி, மாமியாரோடு பேசிய கடுஞ்சொல் என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகளின் உயிரோடு வைத்து நிறுத்துப் பார்த்தார்.

பெரும் இழப்புக்குப் பிறகு மனம் இவ்வாறு காரணம் தேடுவது இயல்பு. காரணமே இல்லாமல் பிள்ளை செத்தது என்பதை விட, என்னால் செத்தது என்பதைத் தாங்குவது சிலருக்கு எளிதாக இருக்கிறது. அந்தக் குற்றவுணர்வுக்கு வெளியிலிருந்து கடவுளின் பெயரால் முத்திரை குத்தப்படும்போதுதான் அது நோயாக முற்றுகிறது.

கிறிஸ்தவ மறைநூல் இந்தக் கணக்கை ஏற்கிறதா? லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைப் பற்றி இயேசுவே பேசுகிறார். எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லோரையும் விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். அதைத் தொடர்ந்து அவர் மனமாற்றத்துக்கு அழைப்பது உண்மைதான். ஆனால் அந்த அழைப்பு கேட்டுக்கொண்டிருக்கும் உயிருள்ளவர்களுக்கு உரியதே தவிர, இடிபாட்டுக்குள் கிடந்தவர்கள் மீதான தீர்ப்பு அல்ல. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முல்லைத்தீவுக் கரையைக் கடல் எடுத்தபோது இறந்தவர்களைப் பற்றி "கடவுளின் தண்டனை" என்று பேசியவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை அந்தத் தாயுடன் பல நாட்கள் பேசினேன். யோபுவுக்கு ஏழு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள்; வீடு இடிந்து பத்துப் பேரும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று வாதாடத் தொடங்கிய பிறகே பிழை வருகிறது. கடைசியில் கடவுள் கோபம் கொள்வது தம்மோடு வழக்காடிய யோபுவிடம் அல்ல. தமக்காக வாதாடுவதாக நினைத்த அந்த நண்பர்களிடம்தான். "பிறகும் பத்துப் பிள்ளைகளைக் குடுத்தாராம். முந்தின பத்தும்?" என்று கேட்டார் அந்தத் தாய். அந்தப் பத்துப் பேரும் திரும்பி வந்ததாக நூல் சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் "முன்னோர் சாபம்" என்ற சொல்லைச் சுமந்து வருகிறார்கள். மூன்றாம், நான்காம் தலைமுறை வரை தண்டனை என்னும் விடுதலைப் பயண நூலின் வரி அவர்களுக்குக் காட்டப்பட்டிருக்கும். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் காட்டப்பட்டிருக்காது. ஊரிழந்து பாபிலோனில் வாழ்ந்த இடம்பெயர்ந்த மக்களிடையே, தகப்பன்மார் புளித்த திராட்சை தின்ன பிள்ளைகளின் பல் கூசியது என்றொரு பழமொழி வழங்கியது. அந்தப் பழமொழியை இனிச் சொல்லக் கூடாது, தந்தையின் குற்றத்தைப் பிள்ளை சுமக்காது என்று இறைவாக்கினர் அங்கே அறிவிக்கிறார். பிறவிப் பார்வையற்றவரைக் காட்டி இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றே இயேசு சொன்னார்.

நீதி என்றால் என்ன என்பதை எனக்குக் கற்பித்தவர் போரில் ஒரு காலை இழந்த கூலித் தொழிலாளி. இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில், விடியற்காலை வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே தெனாரியம் கொடுப்பது அநியாயம் என்று நான் சிறுவயதில் நினைத்ததுண்டு. அவர் அதை வேறு விதமாக வாசித்தார். சந்தியில் கூலிக்கு நிற்கும்போது காலும் கையும் உள்ளவர்களை முதலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். தான் பொழுது சாயும் வரை நிற்பேன் என்றார். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்பதுதானே உவமையில் கடைசியாக வந்தவர்களின் பதில்? ஒரு தெனாரியம் என்பது ஒரு நாட்கூலி. ஒரு மணி நேரத்துக்கான கூலியில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியாது. தோட்டத்தின் சொந்தக்காரர் பார்த்தது நேரக் கணக்கை அல்ல, அன்றிரவு அந்த வீட்டில் உலை வைக்க வேண்டும் என்பதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எல்லாத்தையும் கடவுளிட்ட விடுங்கோ" என்பது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு ஆறுதல் அல்ல. அது அவர்களின் வாயை அடைக்கும் சொல்லாகவே பயன்படுகிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம், நேர்மையற்ற நடுவனிடம் ஓயாமல் போய் நீதி கேட்ட கைம்பெண்ணின் உவமை எனக்கு நினைவுக்கு வரும். அவளைப் பேசாமல் வீட்டிலிருந்து செபி என்று இயேசு சொல்லவில்லை. செபத்துக்கே அவளைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார்.

குருவானவர்களிடமும் செபக்கூட்டத் தலைவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இழந்தவர் ஒருவர் கடவுளோடு கோபித்துக்கொண்டால் அதை விசுவாசக் குறைவு என்று கண்டிக்காதீர்கள். "எவ்வளவு காலம், ஆண்டவரே" என்று திருப்பாடல்களே கேட்கின்றன. இரண்டு வாரங்களுக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் ஒருவர் இருந்தால் செபத்தோடு மட்டும் நிறுத்தாமல், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவரோடு கூடப் போங்கள். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே போக வேண்டும்; தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

அந்தத் தாய் கடந்த நவம்பர் 2ஆம் திகதி, சகல ஆத்துமாக்கள் தினத் திருப்பலிக்கு, முதன்முறையாகத் தன் இரண்டு பிள்ளைகளின் பெயர்களையும் எழுதிக் கொடுத்தார். கல்லறை இல்லாததால் மெழுகுதிரியை வீட்டு முற்றத்தில் ஏற்றினாராம். "எனக்கும் அவருக்கும் வழக்கு இன்னும் முடியேல்லை, மிஸ். ஆனா என்ர பிள்ளையள் என்ர பாவத்தால சாகேல்லை" என்றார்.