மாத்திரைக்கு முன் ஒரு நிமிடம்

மருத்துவர் எழுதிய மாத்திரையைக் கொடுப்பதற்கு முன், செவிலியர் ஏன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் சரிபார்த்தாலும், அந்த மருந்தை இன்று அந்த உடல் தாங்குமா என்பது தெரியாது. மதிப்பிடுதல், சிக்கலை இனங்காணுதல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், விளைவை ஆராய்தல் என்னும் செவிலியச் செயல்முறை அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகிறது.

இதயம் வலுவிழந்தவர்களுக்குத் தரப்படும் டிகாக்ஸினைப் பார்ப்போம். இதயத்தசைச் செல்லின் சவ்வில் இருக்கும் பம்பு, ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டிகாக்ஸின் அதன் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறது. உள்ளே சோடியம் தேங்குவதால், அதற்கு மாற்றாக வெளியேற வேண்டிய கால்சியமும் தேங்கி, தசை அழுத்தமாகச் சுருங்குகிறது. என்னை வியக்கவைப்பது இனிமேல்தான். செல்லுக்கு வெளியே உள்ள பொட்டாசியமும் டிகாக்ஸினும் அந்தப் பம்பைப் பிடிக்கப் போட்டியிடுகின்றன. வீக்கம் வடிவதற்காக ஃபுரோசமைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்தும் சாப்பிட்டுவரும் நோயாளி சிறுநீரில் பொட்டாசியத்தை இழந்திருந்தால், போட்டி தளர்ந்து, அதே 0.25 மில்லிகிராம் மாத்திரையே அவருக்கு மிகையாகிவிடக்கூடும்.

ஆகவே செவிலியர் முதலில் இரத்தப் பரிசோதனை முடிவில் பொட்டாசிய அளவைப் பார்க்கிறார். பிறகு, மருந்து மிகையானால் இதயத்துடிப்பு மெதுவாகிவிடும் என்பதால், இடப்பக்கம் ஐந்தாம் விலா இடைவெளியில் துடிப்பைக் கேட்கிறார். மணிக்கட்டில் பிடித்துப் பார்த்தால் போதாதா என்றால், துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களிடம் வலுவற்ற துடிப்புகள் மணிக்கட்டுவரை வந்து சேர்வதில்லை. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினாலும் கணக்கு பிசகும். பெரியவர்களுக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்தால், பொதுவாக மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிப்பார்கள். புதிய மூலக்கூறுகளைத் தேடச் செலவாகும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கு, செவிலியருக்கு இந்த ஒரு நிமிடம் இடையூறின்றிக் கிடைக்க வழிகாணும் ஆய்வுகளுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாத்திரையை விழுங்கியதோடு வேலை முடிவதில்லை. சிறுநீரகம் நன்றாக இயங்கினாலும், டிகாக்ஸினில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும் என்பதால், மிகையின் அறிகுறிகள் மெல்லத்தான் தலைகாட்டும். மறுநாள் காலையில் செவிலியர் வந்து, பசி எடுக்கிறதா, குமட்டுகிறதா என்று விசாரித்துவிட்டு, வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரிகிறதா என்றும் கேட்பது அதனால்தான்.