கொசு மருந்துக்குப் பழகிவிட்டதா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “முன்பெல்லாம் ஒரு சுருளைக் கொளுத்தி வைத்தால் விடியும்வரை கொசு அண்டாது. இப்போது சுருள் புகைந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து உட்காருகிறது. கொசு மருந்துக்குப் பழகிவிட்டதா?”

பருவமழை ஓய்ந்து சாக்கடைகள் தேங்கி நிற்கும் மாதங்களில் கடலூரிலும் புதுச்சேரியிலும் பலர் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். பிழையும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. எந்தக் கொசுவும் மருந்துக்குப் பழகவில்லை. தாங்க முடியாதவை செத்தன. பிறவியிலேயே தாங்கும் தன்மையோடு வந்த மிகச் சில கொசுக்களின் வழித்தோன்றல்களே இன்று நம் வீடுகளில் பெருகியிருக்கின்றன. 1859இல் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுதான்.

அந்தத் தாங்கும் தன்மை எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சுருளிலும் மின்கருவியில் செருகும் திரவத்திலும் இருப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டுகள், அதாவது சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலுள்ள நஞ்சைப் பார்த்துச் செயற்கையாக உருவாக்கப்பட்டவை. கொசுவின் நரம்புச் செல்லைச் சூழ்ந்த சவ்வில் சோடியம் அயனிகள் நுழைவதற்கான நுண்ணிய வாயில்கள் உள்ளன. நரம்புத் துடிப்பு கடக்கும் கணத்தில் அவை திறந்து, ஏறக்குறைய ஒரு மில்லிநொடியில் மூடிக்கொள்ள வேண்டும். பைரித்ராய்டு மூலக்கூறு அந்த வாயிலின் இடுக்கில் ஆப்புப் போலச் செருகிக்கொண்டு அதை மூடவிடுவதில்லை. நரம்பு ஓயாமல் துடிக்கிறது, கொசு நிலைகுலைந்து கீழே விழுகிறது.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியே அந்த வாயில். அதில் 1014ஆம் இடத்தில் வழக்கமாக இருப்பது லியூசின். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிசகி, அடினின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் வந்துவிட்டால், லியூசினுக்குப் பதிலாக ஃபினைல்அலனின் அமர்ந்துவிடுகிறது. வாயில் வழக்கம்போலத் திறந்து மூடுகிறது. ஆப்பு மட்டும் முன்போலப் பொருந்துவதில்லை. இரண்டாயிரம் மணிகளில் ஒரு மணி மாறியதால் ஓர் உயிர் பிழைக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

வியப்பு இதோடு நிற்கவில்லை. டிடிடி தாக்குவதும் இதே வாயிலைத்தான். அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியா 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி வீட்டுச் சுவர்களிலெல்லாம் டிடிடி தெளித்தது. டிடிடிக்கு மயங்காத வீட்டு ஈக்கள் 1940களின் பிற்பகுதியிலேயே தென்பட்டுவிட்டன. வயல்வெளியிலும் தாக்குப்பிடிக்கும் பைரித்ராய்டான பெர்மெத்ரின் உருவானதோ 1973இல். எனவே டிடிடி முன்பே சலித்தெடுத்து வைத்த பூச்சிக் கூட்டங்களில், அடுத்து வந்த மருந்தை எதிர்க்கும் திறனும் ஓரளவு காத்திருந்தது.

‘பழகிவிட்டது’ என்று எண்ணுகிறவர் மருந்தின் வீரியத்தைக் கூட்டத்தான் நினைப்பார். தேர்வு நடக்கிறது என்று அறிந்தவர் வேறு வேறு இடங்களில் தாக்கும் மருந்துகளை மாற்றி மாற்றியோ ஒன்றாகச் சேர்த்தோ பயன்படுத்துவார். பொதுச் சுகாதாரம் தொட்டு காசநோய் மருத்துவம்வரை, ஒரே நேரத்தில் பல மருந்துகள் கொடுக்கும் வழக்கத்துக்கு அடியில் இந்தப் புரிதல்தான் இருக்கிறது. இத்தனைக்கும், 2023இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்கு மட்டுமே அது எஞ்சியிருக்கிறது. அரசுப் பள்ளிகள் அந்த நூல்களைப் பின்பற்றும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட புதுச்சேரியில், கணிதமோ வணிகவியலோ படிக்கப்போகும் பிள்ளை இதை வகுப்பறையில் கேட்காமலேயே வளரக்கூடும் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

அதே புதுச்சேரியில்தான் 1975இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கொசுப்புழுக்களைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் ஒரு வகையை அங்குள்ள ஆய்வாளர்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இத்தகைய ஆய்வுக்கு நிதி ஆண்டுதோறும் தடையின்றி வர வேண்டும், ஏனெனில் கொசுக்கூட்டத்தின் மாற்றம் நிற்பதில்லை. இந்தப் பாக்டீரியா ஒரே சமயத்தில் பல நச்சுப் புரதங்களைப் புழுவின் குடலில் செலுத்துகிறது. அவற்றில் ஒன்றைத் தாங்கும் பிறழ்வு தற்செயலாக ஒரு புழுவிடம் இருந்தாலும் மற்றவை அதைக் கொன்றுவிடும். எல்லாவற்றையும் தாங்கும் பிறழ்வுகள் ஒரே புழுவில் ஒருங்கே அமைவது மிக அரிது.