சித்திரை வெயிலில் சிலந்திப்பேனுக்கு மருந்து அடிக்கும் முன்

பங்குனி பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கத்தரிச் செடிகளில் இலை வெளிறத் தொடங்கும். மேற்பக்கம் ஊசியால் குத்தியது போலப் பொடிப் புள்ளிகள். இலையைத் திருப்பிப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மெல்லிய நூலாம்படைக்கு நடுவே, முதுகின் இருபுறமும் கரும்புள்ளி வைத்த, அரை மில்லிமீட்டர் உயிர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே பளிங்கு மணி போல உருண்டை முட்டைகள். இதுதான் இரு புள்ளிச் சிலந்திப்பேன். எட்டுக் கால் கொண்டது, பூச்சி இனமே அல்ல. பூச்சிமருந்துகள் பல இதனிடம் பலிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

பலிக்கும் மருந்தும் எல்லா நாளும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. ஒரு கூட்டத்தில் பாதியைக் கொல்ல எவ்வளவு மருந்து வேண்டும் என்பதே நச்சுக்கு அளவுகோல். 20 டிகிரியில் 10 பங்கு கேட்ட மருந்து 30 டிகிரியில் 5 பங்கிலேயே வேலையை முடித்தால், வெப்பம் அதற்குத் துணை. 20 பங்கு கேட்டால் வெப்பம் அதற்குப் பகை.

டைமெத்தோயேட் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் பொதுவாக முதல் வகை. உடலுக்குள் போனபின் நொதிகள்தான் டைமெத்தோயேட்டை இன்னும் கொடிய ஒமெத்தோயேட் என்ற நஞ்சாக மாற்றுகின்றன. சூடு ஏறினால் நொதிகளின் வேகம் கூடும். பேனும் அதிகம் நடந்து, அதிகம் சாறு உறிஞ்சி, மருந்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும்.

சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை நேர் எதிர். நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை மூடவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. குளிரில் அந்தப் பிடி நீடிக்கும். வெயிலில் வாயில் சீக்கிரம் மூடிக்கொள்ளும், மருந்தை உடைக்கும் நொதிகளும் விறுவிறுப்பாகும். இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. சிலந்திப்பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களை இந்த மருந்து அழித்துவிடுகிறது. அதனால் சித்திரையில் சைபர்மெத்ரின் அடித்த வயலில் பத்து நாளில் பேன் பெருகி நிற்கும். மருந்து போலி என்று நினைத்து அளவை ஏற்றி மறுபடி அடிப்பார்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

கந்தகத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நனையும் கந்தகம் 80 சதத் தூள் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 20 முதல் 30 கிராம். ஆவியாகித்தான் கொல்லும், ஆகவே 20 டிகிரிக்குக் கீழே மந்தம். 32-ஐத் தாண்டினால் இலை விளிம்பு கருகத் தொடங்கும். 'சாயங்காலம் அடித்தால் போதாதா?' என்று கேட்கலாம். படிந்த தூள் மறுநாள் மதியமும் இலையில்தானே இருக்கிறது! நம் பக்கத்துச் சித்திரைக்கு அது ஆகாது, தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே கந்தகம்.

கோடைக்கு ஸ்பைரோமெசிஃபென் 22.9 சதக் கரைசல் லிட்டருக்கு 0.8 மில்லி, மாலை நேரத்தில், இலையின் பின்பக்கம் நனைய. முட்டையையும் குஞ்சையும்தான் முதலில் தாக்கும். வளர்ந்த பேன் மெதுவாகவே சாகும், இரண்டாம் நாள் பார்த்துக் கைவிட வேண்டாம்.

30 டிகிரியில் முட்டை ஏறக்குறைய மூன்று நாளில் பொரிக்கும், 20-ல் ஒரு வாரம் ஆகும். முட்டையைத் தொடாத மருந்தானால் கோடையில் ஐந்தாறு நாளிலும், மார்கழியில் பத்து நாளுக்கு மேலும் விட்டு அடுத்த தெளிப்பு. இரண்டாவது முறை வேறு வகை மருந்தாக இருக்கட்டும். வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை முடிவதால், மருந்துக்குப் பழகிய பேன்களும் அதே வேகத்தில் பெருகும்.