கலர் பாட்டிலில் புளிப்பு பார்க்கும் வேலை

கலர் என்று சொல்லும் குளிர்பானத்தின் பாட்டிலைத் திறந்ததும் ‘புஸ்’ என்று சீறுவது கரியமில வாயு. லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை கரைத்திருப்பார்கள். சாதாரண காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 25 டிகிரி செல்சியஸில் ஒன்றரை கிராமைத்தான் தாங்கும். 0 டிகிரியில் 3.3 கிராம். அதனால் ஆலையில் தண்ணீரை நன்றாகக் குளிர்வித்து, அழுத்தம் கொடுத்து வாயுவை ஏற்றுகிறார்கள். தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றாவிட்டால், நிரப்பும்போதே நுரை பொங்கி அளவு குறையும்.

கரைந்த வாயுவில் நூற்றில் ஒரு பங்குகூடக் கார்பானிக் அமிலமாவதில்லை. நாம் உணரும் புளிப்பில் பெரும்பகுதி தனியாகச் சேர்ப்பது: எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் சிட்ரிக் அமிலம், கோலாவில் பாஸ்பாரிக் அமிலம். புளிப்பை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். கோலாவின் பிஎச் ஏறத்தாழ 2.5, எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அப்படியும் முகம் சுளிக்காமல் குடிக்க முடிகிறதென்றால், 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் கொட்டியிருக்கும் சர்க்கரைதான் காரணம்.

கெட்டுப்போகாமலிருக்கப் போடும் சோடியம் பென்சோயேட்டும் இந்த அமிலத்தை நம்பித்தான் இருக்கிறது. அது பென்சாயிக் அமிலமாக மாறினால்தான் ஈஸ்ட், பூஞ்சை ஆகியவற்றின் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். பிஎச் 3 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அந்த வடிவில் இருக்கும். பிஎச் 5 ஆகிவிட்டால் நூற்றுக்கு 14தான்.

சிறிய கலர் கம்பெனிகளில் சொதப்புவதும் இங்கேதான். சிட்ரிக் அமிலம் போட்ட பாகில் பென்சோயேட் தூளை அப்படியே கொட்டினால், விழுந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதக்கும். சோடியம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிலோவுக்கு மேல் கரையும். பென்சாயிக் அமிலமோ மூன்றரை கிராம்கூடக் கரையாது. ஒருமுறை படிகமாகிவிட்டால் திரும்பக் கரைய வெகுநேரம் பிடிக்கும். வடிகட்டினால் பாதுகாப்புப் பொருளும் அதோடு போய்விடும். பென்சோயேட்டைத் தனியே தண்ணீரில் கரைத்துப் பாகில் நன்றாகக் கலக்க வேண்டும். சிட்ரிக் அமிலத்தையும் கரைசலாக்கி, கடைசியில், கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும்.

பென்சோயேட் உள்ள பானத்தில் வைட்டமின் சி சேர்ப்பது நல்லதல்ல. தண்ணீரிலுள்ள துளி செம்பு, இரும்பு, கூடவே வெயிலும் சூடும் சேர்ந்தால், புற்றுநோயைத் தூண்டும் பென்சீன் மிகச் சிறிய அளவில் உருவாகலாம். அமெரிக்காவில் 1990 வாக்கிலேயே இது கவனத்துக்கு வந்தது.

நாளாக ஆக அமிலம் சர்க்கரையையும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என உடைக்கிறது. இரண்டுமே இனிப்பு என்பதால் குடிப்பவருக்குத் தெரியாது. டயட் பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பான அஸ்பார்டேம் அப்படியல்ல. உடைந்தால் இனிப்பே போய்விடும். பிஎச் 4.3 அளவில்தான் அது அதிக நாள் நிலைக்கும், கோலாவோ அதைவிடப் புளிப்பு. வெயில் காயும் குடோனில் மாதக்கணக்கில் கிடந்த டயட் கோலா சப்பென்று இருப்பது இதனால்தான்.