செடி வைக்கும் முன் டப்பாவின் பூர்வீகத்தைக் கேளுங்கள்

நாற்றங்கால் நடத்துகிறேன். செடிக்கு நோய் என்று வருகிறவர்களுக்கு ஆலோசனையும் சொல்வதுண்டு. ஒருநாள் ஒருவர் தக்காளிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இலைக்காம்புகள் முறுக்கிக்கொண்டு கீழே வளைந்திருந்தன. இளம் இலைகள் நாடா மாதிரி ஒடுங்கியிருந்தன. "வைரஸ்தானே? மூன்றாவது தடவையாகப் பிடுங்கிப் போடுகிறேன்" என்றார்.

பார்ப்பதற்கு வைரஸ் போலத்தான் இருந்தது. விசாரித்ததில் பக்கத்துத் தொட்டியில் இருந்த பீன்ஸும் அதே மாதிரி முறுக்கிக்கொண்டதாகவும், மக்காச்சோளத்துக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை என்றும் சொன்னார். அகன்ற இலைப் பயிர்களை விதவிதமாகத் தாக்கிவிட்டுப் புல்லினத்தை மட்டும் விட்டுவைப்பது களைக்கொல்லியின் வேலை. "எதில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன். ஒரு வயல் கொட்டகையில் கிடந்த ஐந்து லிட்டர் கேன், மூடியில் ஓட்டை போட்டுப் பூவாளி ஆக்கியிருக்கிறார். லேபிள் உரிந்துபோயிருந்தது. விசாரித்தால் அது 2,4-டி களைக்கொல்லி கேன். "பத்துத் தடவை சோப்புப் போட்டுக் கழுவினேனே" என்றார் பாவம்.

பத்து இல்லை, ஐம்பது தடவை கழுவினாலும் நான் அதை நம்ப மாட்டேன். பிளாஸ்டிக் சுவர் மருந்தைக் கொஞ்சம் உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு ஊற்றும் தண்ணீரில் சிறுகச் சிறுக விடும். தக்காளிக்கோ 2,4-டி இம்மியளவு பட்டாலே போதும். பூச்சிமருந்து கேன்களில் "மூன்று முறை அலசவும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அலசினால் சுத்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கேனை அப்புறப்படுத்துவதற்கான முறை. அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும், பிறகு கேனைக் குத்தி ஓட்டையாக்க வேண்டும். யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஓட்டையே.

ஆகவே யாராவது பழைய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் அழுக்கைப் பார்ப்பதில்லை, இதில் முன்பு என்ன இருந்தது என்றுதான் கேட்பேன். பூச்சிமருந்து, என்ஜின் ஆயில், தின்னர், ஆசிட், பேட்டரிக் கூடு என்றால் வேண்டாம். என்ன இருந்தது என்றே தெரியாத டிரம்மும் வேண்டாம், எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும் சரி. பெயின்ட் உரியும் பழைய தகரத் தொட்டிகளிலும் காய்கறி வைக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உரிந்த செதில் மண்ணில்தான் விழும். டயரிலிருந்து துத்தநாகம் கசியும். பூச்செடி வைத்துக்கொள்ளுங்கள், கீரை வேண்டாம்.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. 1988இல் வந்த அந்தக் குறியீடு எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்லும். உணவுப் பொருள் வந்த 2, 5 எண் வாளிகள் எனக்குப் பிடித்தமானவை, உறுதியாக இருக்கும். 1 போட்ட மெல்லிய பாட்டில்கள் வெயிலில் நொறுங்கத் தொடங்கும்போது எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் துணுக்குகளை மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, பூர்வீகம் நல்லதாகவே இருக்கிறது, போன பருவத்தில் செடி வைத்த தொட்டிதான் என்றால்? அதிலும் வில்லங்கம் உண்டு. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், ரைசக்டோனியா போன்ற கிருமிகள் காய்ந்த மண் பொருக்கிலேயே காத்திருக்கும். அடியில் ஒட்டிய வேர்த்துணுக்கில் வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டைகள் இருக்கலாம். மண்ணை மாற்றி, விதையை மாற்றி, தொட்டியை மட்டும் மாற்றாமல் நாற்றுகளை வரிசையாகப் பறிகொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதில் சறுக்கினேன். மண் ஒட்டிய தொட்டிகளை அப்படியே பிளீச் தண்ணீரில் முக்கி எடுத்தேன். இரண்டே வாரத்தில் நாற்றுகள் கழுத்தழுகிச் சாய்ந்தன. மண்ணும் மட்கிய குப்பையும் பிளீச்சில் உள்ள குளோரினைத் தின்றுவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. வரிசைதான் முக்கியம். முதலில் காய வைத்துப் பொருக்கைத் தட்டுங்கள், முரட்டுப் பிரஷ்ஷால் விளிம்பையும் ஓட்டைகளையும் தேயுங்கள், சோப்புத் தண்ணீரில் கழுவி அலசுங்கள். அப்புறம்தான் பிளீச். வீட்டு உபயோகத் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, குறைந்தது 10 நிமிடம் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். மண்தொட்டி நீரை உறிஞ்சும் என்பதால் அரை மணி நேரம் விடுவேன், பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு ஊறல். கலவையை அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள், நேற்றையதில் வீரியம் இருக்காது. தகரத்துக்கு பிளீச் ஆகாது, அரித்துவிடும். கொதிநீரை நிரப்பி ஆறும்வரை விட்டால் போதும்.

மண்தொட்டியில் வெள்ளையாகப் படிந்திருப்பது உப்பு. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தேய்த்தால் போய்விடும். ஆனால் வினிகரும் பிளீச்சும் ஒரே வாளியில் சேரவே கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும். வினிகர் வேலையை முதல் நாளே முடித்து நன்றாக அலசிவிட்டு, மறுநாள் பிளீச்சை எடுங்கள். எப்படியிருந்தாலும் திறந்த வெளியில், கையுறையோடு.

தெர்மாகோல் பெட்டியை இப்படியெல்லாம் தேய்க்க முடியாது, பிய்ந்து பறக்கும். நோய் வந்த பெட்டி என்றால் நான் மறுபடி பயன்படுத்துவதில்லை.

வாளியில் ஓட்டை போடாமல் அடியில் கல் அடுக்கிச் சமாளிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல் வடிகால் ஆகாது. நீர் கல்லுக்கு மேலே உள்ள மண்ணிலேயே தங்கும், வேருக்கு இருக்கும் இடமும் குறையும். சுண்டுவிரல் பருமனில் நான்கைந்து ஓட்டைகள் போடுங்கள். ஆணியைச் சுட வைத்துக் குத்தாதீர்கள், உருகும் பிளாஸ்டிக்கின் புகை நல்லதல்ல. டிரில் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, பலரும் மறப்பது. "பிறகு கழுவிக்கொள்ளலாம்" என்று ஒரு மூலையில் சேர்த்து வைத்திருக்கும் குவியல். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை அங்கேயே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, அடுத்த மழைநீர் பட்டதும் பொரிக்கும். அப்புறம் ஏழெட்டு நாளில் கொசு. ஆகவே கொட்டுவது மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டும். எங்கள் கொட்டகையில் கவிழ்த்து வைக்க இடமில்லாத பாத்திரத்தை இப்போது நான் வாங்கி வைப்பதில்லை. செடிக்கு அடியில் வைக்கும் தட்டையும் வாரம் ஒருமுறை தேய்த்துவிடுகிறோம்.